பாவமே இல்லை என்று சொல்ல வந்த மச்சான்

இன்று மத்தியானம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு ஒரு ஞானி வந்தார்.

வேறு யாருமில்லை, என் ரீட்டா அக்காவின் புருஷன்தான்.

கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனவர். அவர்கள் பிள்ளை பாப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அக்கா போன் மேல் போன் எடுத்தாள். மச்சான் நம்பரையே மாற்றிவிட்டார். இரண்டு வருஷமாக ஆள் இல்லை.

அன்றிலிருந்து அக்கா பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதில்லை. மனதில் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது என்பாள். இந்தத் தவக்காலத்தில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். "அவர் வந்து மன்னிப்புக் கேட்டா மறுக்காதீங்க" என்றாராம் அவர்.

நாளைக்கு உயிர்த்த ஞாயிறு. மச்சான் வருகிறார் என்று தகவல் வந்ததும் அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் காத்திருந்தாள், ஒரே ஒரு வார்த்தைக்காக.

வந்தார். கழுத்தில் ஜெபமாலை இல்லை. கையில் கலர் கலராகக் கல் வைத்த வளையம்.

"ரீட்டா, நான் பழைய ஆள் இல்ல. எனக்கு கிறிஸ்து உணர்வு கெடச்சிருக்கு. சர்ச்சுல சொல்றது வெறும் வெளித்தோல். இயேசுங்கிறது ஒரு ஆளே இல்ல, அது ஒரு நிலை."

எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்து பெரிய வெள்ளிக்கு நாங்க முத்தம் குடுத்தோமே, அந்தச் சிலுவையில தொங்குனது யாரு மச்சான், நிலையா?"

"அது குறியீடு தம்பி. ஒங்க வைப்ரேஷன் லோவா இருக்கு."

(காலையிலிருந்து உர மூட்டை தூக்கியவனுக்கு வேறு எப்படி இருக்கும்?)

அக்கா குறுக்கே வந்தாள். "அதெல்லாம் இருக்கட்டுங்க. பாப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நம்பர மாத்துனீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

மச்சான் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார்.

"பாவம்னு ஒன்னு கெடையாது ரீட்டா. எல்லாம் அனுபவம். ஒன்னோட ஆத்மாதான் அத தேர்ந்தெடுத்துச்சு. நான் ஒன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்."

கவனியுங்கள் மக்களே. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

வசதியான மார்க்கம்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட வேண்டாம். பொண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டாம். கல் வளையம் ஒன்று இருந்தால் போதும்.

அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்.

"நானும் ஒங்கள மன்னிச்சிட்டேங்க. நீங்க கேக்கல, இருந்தாலும் மன்னிச்சிட்டேன். நாளைக்கு நான் நன்ம வாங்குவேன்."

மச்சான் சிரித்துக்கொண்டே உள்ளே வரப் பையைத் தூக்கினார். அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

"அது ஆண்டவருக்காக மன்னிச்சது. இந்த வாசலுக்குள்ள வரணும்னா எங்கிட்ட கேக்கணும். பாப்பாகிட்டயும் கேக்கணும்."

"இது ஒன் ஈகோ பேசுது" என்றார் ஞானி. வந்த வழியே இறங்கிப் போனார்.

இப்போது நல்ல மழை. கிறிஸ்து உணர்வு பெற்ற ஒருவர் ராகலை பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நிற்பதாகக் கேள்வி.

அந்தப் பக்கம் போகும் நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அக்கா இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. கேட்டால் போதும்.

(குடை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.)