காப்புக்குள் மாட்டிக்கொண்ட பூதம்

மோட்டார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தால், வெளியே மண் கொதிக்கிற மே மாதத்திலும் வயிற்றுக்குள் ஒரு குளிர் இறங்கும். கிரீஸும் ஈரப்பாசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். கரண்டு இருக்கும் நேரத்தில் தொட்டியில் விழுகிற தண்ணீரின் வெளிச்சம் சன்னல் வழியாக வந்து சுவரெல்லாம் நெளியும். அந்த வெளிச்சத்தைத்தான் நாங்கள் “ஏழாவது ஆறு” என்போம். கரண்டு போனால் ஆறு வற்றிவிட்டது என்று அர்த்தம், அக்கரைக்கு நடந்தே போகலாம். எழுபதுகளின் கடைசியில், அரியலூருக்கும் தா.பழூருக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில், முழுப்பரீட்சை விடுமுறை முழுவதையும் நாங்கள் அப்படி ஒரு ஆற்றங்கரையில் கழித்தோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

ஆட்டத்துக்குப் பெயர் “மந்திர ஆட்டம்”. என் பெரியப்பா மகள் கனகம் கண்டுபிடித்தது. அவள் எங்களைவிட மூன்று வயது மூத்தவள். சுண்ணாம்புக்கல்லால் தரையில் காடும் மலையும் கருங்கோட்டையும் வரைந்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் வருகிறார்கள் என்று கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போவாள். நாங்கள் ஓடையில் பொறுக்கிய, நத்தை மாதிரியே சுருண்டிருக்கும் நத்தைக்கல்லைக் காயாக வைத்து அதற்குள் நடப்போம். ஒவ்வொருவர் காய்க்கும் மூன்று புளியங்கொட்டை உயிர், வழிக்கு ஒரு மூட்டைச் சோறு. சண்டை வந்தால் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். மூன்று கொட்டையும் போய்விட்டால் காயைக் கிணற்றில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்வரை கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. இதில் மட்டும் கனகம் இரக்கமே காட்டியதில்லை.

மந்திரங்கள் மூன்று: ஆளை மறைக்கும் “மறைப்பு”, எதையும் அசையாமல் நிறுத்தும் “கட்டு”, அப்புறம் “காப்பு”. எங்கேயும் எழுதி வைக்காததால் தினமும் அவற்றைப் பற்றித்தான் சண்டை. மறைப்பு போட்டவன் கையில் ஒரு கோழி இருந்தால் கோழியும் மறையுமா? கனகம் யோசித்துவிட்டு, “கோழி மறையும். ஆனா கத்துனா கேக்கும்” என்றாள். எதிர்வீட்டு மணி ஒருநாள் புத்திசாலித்தனமாகக் காற்றுக்கே கட்டுப் போட்டான், அரக்கர்கள் மூச்சு முட்டிச் சாகட்டும் என்று. “அப்ப நீ மட்டும் எதுல மூச்சு வுடுவ?” என்று கேட்டு அவனிடமிருந்தே ஒரு கொட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்புடி ஒண்ணும் சொல்லலியே நீ!” என்று மணி குதித்தான். “சொல்லாததுதான்டா யோசிக்கணும்” என்றாள். பிற்பாடு நான் பார்த்த தாசில்தார் ஆபீஸ் தீர்ப்புகளைவிட அவளுடையவை நியாயமானவை.

எனக்கு அந்த ஆட்டத்தைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது. நான் கோபக்காரி. நொண்டி ஆடினால் கோட்டைப் பற்றிச் சண்டை போடுவேன், பாண்டி ஆடினால் சில்லைத் தூக்கி எறிவேன் என்று தெருவில் ஒரு பெண்ணும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள். “சிடுமூஞ்சி” என்றுதான் கூப்பிடுவார்கள். கனகத்தின் காட்டுக்குள் மட்டும் என் நத்தைக்கல் யாருக்கும் பயப்படாமல் நடந்தது. அது கிணற்றுக்குள் போய்விட்டால் மிச்ச விடுமுறையை அம்மாவோடு கடலைக் காட்டில் களை பிடுங்கிக் கழிக்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற அன்று, கனகத்தின் மாமன் மகன் அன்பழகன் மீன்சுருட்டியிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழத்தைக் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாகத்தான் பேச்சு. பஸ் வரவில்லை. பொழுது சாயும்போது கோயிலில் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்ட, தப்புமேளச் சத்தம் தெருத்தெருவாக வந்தது. காப்புக் கட்டும்போது ஊருக்குள் யார் இருந்தாலும் சரி, திருவிழா முடிந்து கயிறு அவிழ்க்கும்வரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. விருந்தாளிக்கும் அதுதான், சட்டி பானை விற்க வந்தவனுக்கும் அதுதான். பையன் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதான். “அழுவாத தம்பி” என்றாள் பெரியம்மா, அவனுடைய அத்தை. “காப்புக்குள்ள இருந்துட்டா அவன் எந்த ஊரானாலும் நம்ம ஊரான்தான். நீ திங்காம நாங்க திங்க மாட்டோம்.”

மறுநாள் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தாள் கனகம். ஆட்டத்தில் இடமில்லை. மலைகளும் கோட்டையும் பங்கு போட்டு முடிந்திருந்தன. “மாப்ளைக்கு வேணா ஒரு பூதம் குடுத்துருவோம்” என்று மணி கனகத்தைச் சீண்டினான். அவள் எட்டி அவன் மண்டையில் ஒன்று வைத்துவிட்டு, உடைந்த அம்மிக்கல் துண்டை அன்பழகன் கையில் கொடுத்தாள். பூதத்துக்கு மந்திரம் கிடையாது, பேச்சு கிடையாது, வந்து கடிப்பது மட்டும்தான் வேலை. ஆனால் பூதம் யாரைத் தின்கிறதோ அவர் இடம் அதை ஆடுகிறவனுக்கு. அவன் அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஓடிய ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் இடம் காலியாகும் என்று அவன் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

கருங்கோட்டைக்குள் நான் நுழைந்தபோது என்னிடம் ஒரே ஒரு கொட்டை மிச்சம். மணி பின்னால் காட்டில் நின்றான். கண்ணை மூடியிருந்த கனகம் சொல்லிக்கொண்டிருந்தாள்: வௌவால் நாற்றம், எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், தூண்களுக்கு நடுவில் யாரோ மூச்சு விடுகிறார்கள். நிஜமாகவே நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அன்பழகன் கட்டையை உருட்டினான். விழுந்த எண்ணைக்கூடப் பார்க்காமல் நான், “காப்பு! காப்பு போட்டுட்டேன்!” என்று கத்தினேன்.

காப்பு என்றால் கோட்டையைச் சுற்றி ஒரு வளையம். எதுவும் உள்ளே வராது, எதுவும் வெளியே போகாது. ஒரு விடுமுறைக்கு ஒருமுறைதான் போடலாம். கனகம் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். அம்மிக்கல் கோட்டைச் சுவருக்கு உள்ளே இருந்தது. நான் கத்துவதற்கு முன்பே அவன் நகர்த்தியிருந்தான்.

மணி விழுந்து விழுந்து சிரித்தான். “ஏய் சிடுமூஞ்சி, பூதத்த உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டியேடி! ஒனக்கு நீயே குழி தோண்டிக்கிட்ட!”

“காப்புன்னா காக்குறதுக்குத்தான். அது எப்புடி என்னைக் கொல்லும்?” என்றேன்.

“வேலி வேலிதான். உள்ள பாம்பு இருந்தா வேலி என்னா பண்ணும்?”

அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கை நீளும். மணியின் தலைமுடியைப் பிடித்துவிட்டேன். கனகம் எங்களைப் பிரித்துவிடக்கூட இல்லை. தண்ணீர் வெளிச்சம் அவள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தம் தூரத்தில் ஏதோ ஊரில் கேட்பதுபோல் கேட்டது.

“கடிக்காது” என்றான் அன்பழகன்.

அவன் வாயைத் திறந்ததே எங்களுக்கு அதிசயமாக இருந்தது. “பூதமா ஆசப்பட்டு உள்ள இருக்கு? பஸ்ஸு வரல, காப்பு கட்டிட்டாங்க, மாட்டிக்கிச்சு. என்னை மாதிரிதான். எனக்கு அத்தை சோறு போடுறாங்க. நான் யாரையாச்சும் கடிச்சனா? அதுக்கும் இவ சோறு போடணும். போட்டா அது ஏன் கடிக்கப் போவுது?”

“டேய், கடிச்சாதான்டா ஒனக்கு எடம்!” என்று மணி கத்தினான்.

“தெரியும்” என்றான் அவன்.

கனகம் தீர்ப்புச் சொன்னாள். காப்பு அவிழும்வரை பூதம் கோட்டைக்காரன்தான். அது ராணியைத் தொடக்கூடாது, ராணி அதைத் தொடக்கூடாது. ராணி தினமும் தன் மூட்டையில் பாதிச் சோற்றை அதற்குக் கொடுக்க வேண்டும். சோறு வாங்குகிறவன் ஊமையாக இருக்க முடியாது, ஆகையால் இனிமேல் பூதமும் பேசலாம். ராணி என்பது நான்தான். என் இடம் பிழைத்தது, அவனுக்கும் ஒரு இடம் முளைத்தது. பாதிச் சோறு போனதில் எனக்கு எரிச்சல்தான். அன்று பூராவும் அவனோடு பேசவில்லை.

ஆனால் அந்தப் பூதம் பேசிய பேச்சு இருக்கிறதே! அதற்குக் கடலுக்கடியில் ஒரு வீடு இருந்தது என்றும், கடல் வற்றிப்போனதால் நத்தைகளெல்லாம் கல்லாகிவிட்டன என்றும், தான் மட்டும் கல்லாகத் தெரியாமல் விழித்துக்கொண்டே இருப்பதாகவும் அன்பழகன் சொல்லிக்கொண்டே போவான். கனகம் கதை சொல்வதை நிறுத்திவிட்டு அவன் சொல்வதைக் கேட்பாள். மணிகூடக் கட்டையை உருட்ட மறந்து படுத்திருப்பான். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாத மத்தியானங்கள் அவை.

கயிறு அவிழ்த்த மறுநாள் அன்பழகன் முதல் பஸ்ஸில் போய்விட்டான். கோட்டைக் காப்பை எப்படி அவிழ்ப்பது என்று கேட்டோம். கட்டும்போது உள்ளே இருந்த எல்லோரும் இருந்தால்தான் அவிழ்க்க முடியும் என்று கனகம் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவன் வரவில்லை. அடுத்த வருஷம் கனகத்துக்குக் கல்யாணமாகி ஆட்டமும் நின்றுபோனது.

கொட்டகை இருந்த இடத்தைச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தின்றுவிட்டது. இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் பெரிய பள்ளம்தான் இருக்கிறது. போகட்டும், நான் அதற்காக அழவில்லை. போன திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காப்புக் கட்டிய கையோடு பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். கேட்டால், விடிவதற்குள் வந்து எல்லையை மிதித்தால் போதுமாம். யாரோ அப்படி அர்த்தம் சொல்லிவிட்டார்கள். போர்வெல் வண்டியோடு வந்த வடநாட்டுப் பையன் ஒருவன், வண்டி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டதால், காப்புக் கட்டும்போதே கோயில் வாசலில் பையோடு நின்றான். அவனுக்கு எங்கே இலை போடுவது என்று கேட்டேன். விழாக் கமிட்டிக்காரர் சிரித்தார். “அவனையெல்லாம் காப்பு கட்டுப்படுத்தாதுங்கக்கா. அவன் தாராளமா போவலாம்.” எங்கே போவான், எதில் போவான் என்று கேட்டேன். நான் கத்தியதில் நாதஸ்வரக்காரர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். அந்தப் பையனுக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. என் சத்தத்துக்குப் பயந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.