இடது கையுறையில் ஒரு கிழிசல்

இன்று கடலூரிலிருந்து வந்த பஸ்ஸைப் பிரெஞ்சு எல்லையில் நிறுத்தி, சுங்கச் சேவகர் எல்லார் பைகளையும் சோதித்தார். என் பக்கத்தில் இருந்த கிருமாம்பாக்கத்து அம்மாவின் பையிலிருந்து ஒரு போட்டோ விழுந்தது.

பிரெஞ்சு மலைப் பட்டாளத்துக்குப் போன என் தம்பி ஆல்ப்ஸ் மலையிலிருந்து எனக்கு அனுப்பிய அதே படம். அதே பனிமலை, காலில் அதே சறுக்குக் கட்டைகள், இடது கையுறையில் அதே கிழிசல். தலை மட்டும் வேறு.

“இன்னா டீச்சரம்மா அப்பிடிப் பாக்குறீங்க? என் புள்ளதான்.”

“மலைப் பட்டாளத்துலயா இருக்காரு?”

“மலையாவது! மார்சேல் துறைமுகத்துல மூட்ட தூக்குறான். படம் புடிக்கிற கடையில மலையும் ஆளும் வரஞ்ச பலகையில ஓட்ட வச்சிருப்பாங்களாம், மூஞ்சிய வுட்டா போதுமாம். உங்க தம்பிதான் இட்டுகினு போனாராம். ரெண்டு பேரும் ஒரே ரூம்புலதானே மூணு வருசமா இருக்காங்க?”

எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதமும் தம்பி, ‘பனி வழியை மூடிவிட்டது, கப்பலுக்கு இறங்க முடியவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தான். அந்தப் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, “அவன திட்டாதடி, அந்தக் குளுருல புள்ள இன்னா பண்ணுவான்” என்று அம்மா என்னைத்தான் சமாதானப்படுத்தினாள்.

அவன் இருந்ததோ கப்பல் புறப்படும் ஊரிலேயே.

படத்தில் இருந்த கிழிசலைப் பார்த்துவிட்டு அவனுக்குக் கம்பளிக் கையுறை பின்னத் தொடங்கியிருந்தேன். இடது கை முடிந்துவிட்டது.

பாகூர் பக்கம் யாருக்காவது பனிமலை ஏறும் உத்தேசம் இருந்தால் சொல்லுங்கள். வலது கையையும் முடித்துத் தருகிறேன்.