நிப்பாட்ட ஏலாத கரண்ட்

நான் செய்யும் வேலையை மாத்தளையில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் அளந்துதான் விட்டிருக்கிறேன். வெயில் எட்டாத தூரத்துக்குப் போகும் விண்கலங்களுக்கு, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் மின்கலம் செய்கிறோம். உள்ளே வைக்கும் புளூட்டோனியம் தானாகவே சிதைந்து சூடாகும். ஒரு பக்கம் அந்தச் சூடு, மறுபக்கம் குளிர், நடுவே விரல் நகமளவு துண்டுகள். அவற்றில்தான் மின்சாரம் பிறக்கிறது. என் பங்கு அந்தத் துண்டுகள் மட்டும். மாதக்கணக்கில் உலையில் வைத்து, எவ்வளவு கெட்டுப்போயின என்று பார்க்க வேண்டும். பொறுமைசாலிக்கு ஏற்ற வேலை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது, தாத்தா வீட்டுப் பகல் சாப்பாட்டில் இதைப் பற்றிப் பெருமையடித்தேன். எங்கள் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். மச்சானும் அவளும் யட்டவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள்.

"இதுக்கு சுவிட்சே இல்ல தாத்தா. ஒருக்கா வெச்சா நிப்பாட்ட ஏலா. நாங்க மௌத்தாப் போனாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும்."

அவள் சோறு போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் அளந்தேன்.

இந்த வருடம் அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்தபின் "கரண்ட் பிடிக்க" வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எங்கள் பக்கம் தமிழிலும் சிங்களத்திலும் அதுதான் பெயர். தாத்தா முடியாது என்றுவிட்டாள். மச்சான் அழுதுகொண்டு எனக்கு போன் எடுத்தார். அந்த வேலையில் இருப்பவன் சொன்னால் கேட்பாள் என்று நம்பினார். லீவு போட்டு வந்தேன்.

கரண்ட் என்றதும் ஷாக் அடிக்கும் என்று பயந்துவிட்டாள் என எண்ணி, அரை மணி நேரம் விளக்கினேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"ஷாக்குக்கு யாரு பயந்த?" என்றாள். "நீதானே சொன்ன, ஒருக்கா வெச்சா நிப்பாட்ட ஏலாண்டு. பொறகு இந்தப் புள்ளய நான் எப்பிடித் தூக்குற?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளைத் தடுத்து வைத்திருந்தது என் வாய்தான்.

"அது வேற தாத்தா. இது வெளியில இருந்து அடிக்கிற டோர்ச் மாதிரி. ஓஃப் பண்ணினா உங்க உடம்புல ஒண்டும் மிஞ்சாது. இதுக்கு சுவிட்ச் இருக்கு."

"நீ கண்டியா?"

"இல்ல."

"அப்ப போய்ப் பாத்துட்டு வா."

மறுநாள் கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். மெஷினை இயக்கும் பெண்ணிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்கு வெளியே இருந்த பொத்தானைக் காட்டி, அடுத்த நோயாளிக்குச் சிகிச்சை முடியும்வரை என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். கதிர் பாயும்வரை கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கு, அது நின்றதும் அணைந்தது. இத்தனை வருடம் படித்தவன், ஒரு விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

தாத்தா சம்மதித்தாள். முதல் நாள் சிகிச்சை முடிந்து வீட்டு வாசலில் இறங்கியதும் பேத்தி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அணஞ்சத கண்ணால கண்ட தானே?"

"கண்டேன்."

ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையால் பிள்ளையைத் தூக்கி, அதன் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.