குருவி அடித்த குழல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தயங்கிவிட்டேன். என் மச்சினன் காரியமாயிற்றே என்பது ஒன்று. சொல்லின் பூர்வீகம் பேச எனக்கென்ன படிப்பு இருக்கிறது என்பது இன்னொன்று. நாங்கள் தெய்வமாகக் கும்பிடும் அய்யாவை நினைத்துத் தொடங்குகிறேன்.

சுதந்திரம் கிடைத்த மறுவருசம் என் மனைவியின் தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பி எங்களோடு தங்கினான். தோட்டத்தில் மாடாக உழைப்பான். ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் தலைப்பாகை கட்டி நின்று அய்யாவைக் கும்பிடும் எங்கள் தாங்கலுக்குக் கூப்பிட்டால் மட்டும், "துப்பாக்கி பிடிச்ச கையி அத்தான். இந்தக் கையால தலப்பா கட்டி அய்யா முன்னால நிக்கமாட்டேன்" என்பான். சின்னப்பிள்ளையில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாங்கலுக்குப் போனவள் என் மனைவி. ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கென்று எடுத்துவைத்த வேட்டியைத் திரும்பப் பெட்டியில் வைப்பாள்.

கருப்பட்டி எடுக்கக் குளச்சலிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். அண்ணன் முறை வைத்துக் காக்கா என்போம். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய், துருக்கிக்காரரிடம் பிடிபட்டு அங்கே ரயில்பாதை வேலை செய்தவர். ஒருநாள் என் மனைவி, துப்பாக்கி பிடித்த கை என்று தம்பி தாங்கலுக்கு வராததைச் சொல்லி, "நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க காக்கா" என்று அழுதுவிட்டாள்.

அவர் மச்சினனைப் பார்த்துச் சிரித்தார். "துப்பாக்கின்னு என்னத்துக்குடே இப்படிப் பயப்படுதே? அது நம்ம பேச்சே இல்ல. துருக்கிக்காரன் துஃபெக்குன்னு சொல்லுவான். பட்டாளத்தோட தேசம் தேசமாச் சுத்தி நம்ம வாயில வந்து விழுந்தது. எங்களுக்குக் காவல் நின்ன கிழவன் சொன்னான், ஆதியில அதுல வெடிமருந்தே கிடையாதாம். குருவி அடிக்க, மண்ணுருண்டைய வச்சு வாயால ஊதுற குழலுக்குத்தான் அந்தப் பேராம்."

"நான் அடுப்பூதுற குழல் மாதிரியா?" என்றாள் என் மனைவி.

"அதேதான். ஒனக்கும் லைசன்ஸ் வாங்கணும் தங்கச்சி."

மச்சினனும் சிரித்துவிட்டான். ஊருக்கு வந்தபிறகு அன்றுதான் அவன் பல்லைப் பார்த்தோம். ஆனால் உடனே முகம் சுருங்கி, "குழல்னு சொன்னா நான் சுட்டவன் எழும்பி வருவானா காக்கா?" என்றான்.

"வரமாட்டான். நான் சுட்டவனும் வரல. ஆனாலும் அஞ்சு வேளையும் படைச்சவன் முன்னால போய் நிக்கேன். எழும்பிப் போன்னு இதுவரை சொல்லல."

அடுத்த ஞாயிறு மச்சினனே வேட்டியைக் கேட்டு வாங்கினான். தாங்கல் வாசல்வரை வந்தான். தலைப்பாகையும் கட்டினான். உள்ளே வரவில்லை. என் மனைவி கூப்பிடவுமில்லை. பணிவிடை என்கிற வழிபாடு முடிந்ததும் நாமமிடும் வெண்மண்ணைக் கையில் வாங்கி வெளியே வந்து, அவன் நெற்றியில் இட்டாள்.

சொந்தக்காரர்கள் இப்போது, அவன் உள்ளே ஓடி விழுந்து அழுதான், அசரீரி கேட்டது என்றெல்லாம் கூட்டிச் சொல்கிறார்கள். அய்யாவின் கிருபைக்கு நம்முடைய அலங்காரம் எதற்கு? பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவனை வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அவனாகத்தான் நடந்து வந்தான்.