இடது இடுப்பு

என்னைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் முதல் வரியிலேயே என் காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன். இரண்டு காலும் போலியோவில் போனது. திண்டுக்கல்லில் நான் பள்ளிக்கூடம் போனதெல்லாம் அம்மாவின் இடது இடுப்பில்தான். பெரிய பெண்ணான பிறகும் அவள் விடவில்லை. "எறக்கி விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றால், "பாத்தா பாத்துட்டுப் போறாங்க, ஒனக்கென்னடி வந்துச்சு?" என்பாள். சுமந்து சுமந்து அவள் உடம்பே அந்தப் பக்கமாகச் சாய்ந்துபோனது. நான் இறங்கிய பிறகும் அவள் நேராக நின்று பார்த்ததில்லை.

தைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அங்கே எண்ணெய் துடைக்க வாங்கும் நூல் கழிவில் கொஞ்சம் வீட்டுக்கு வரும். அதைப் பழைய துணிக்குள் திணித்து, கோணி ஊசியால் இழுத்துத் தைத்து, ஆடு, மாடு, ஆள் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பேன். வருகிறவர்கள் எல்லாம் "பொம்மை நல்லாருக்கு, பொழுது போகுதுல்ல?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா திடீரென்று போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அவள் சேலைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். தரமாட்டேன் என்று அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டேன். பிறகு அந்தச் சேலைகளைக் கொண்டுதான் அம்மாவின் இடுப்பைச் செய்தேன். விலாவிலிருந்து முழங்கால் வரை, அம்மா அளவுக்கே. தலையில்லை, கையில்லை. இடது பக்கம் தூக்கிய இடுப்பு, அதன் மேல் ஒரு பள்ளம். அழுகை வந்தால் போய் அதில் சாய்ந்துகொள்வேன்.

அப்பாவுக்கு அது ஆகவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். "செத்தவ சீலையில உருவம் கட்டி வீட்டுக்குள்ள வச்சா அவ எப்புடி ஆத்தா போய்ச் சேருவா? அவள விட்ரு" என்பார். ஒருநாள் அதைக் கொளுத்தத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். நான் தவழ்ந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து கலைக் கண்காட்சி நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் படம் எடுத்துப் போட்டதைப் பார்த்தார்களாம். கண்காட்சியில் வைப்பார்களாம், பிறகு ஓர் அருங்காட்சியகமே வாங்கிக்கொள்ளுமாம். நெருப்பில் போவதற்குப் பதில் அங்கே போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். ஆசையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பொம்மைக்காரி என்ற பேர் மாறாதா என்ற ஆசை.

திறப்பு நாளுக்கு அப்பாவும் துணைக்கு வந்தார். மைக்கில் என்னைச் சிற்பி என்றார்கள். கைதட்டினார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. உருவத்தின் பக்கத்தில் வைத்திருந்த அட்டையில் 'பெண்ணுடலின் வெறுமை' என்று எழுதியிருந்தது. வெறுமையாவது வெங்காயமாவது! அது நான் உட்காருகிற இடம்.

கூட்டம் கலைந்த பிறகு திரும்பிப் பார்க்கிறேன், அப்பா அதன் முன்னால் நிற்கிறார். வீட்டில் ஏறெடுத்தும் பார்க்காதவர். தள்ளி வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு அப்படியே அம்மாதான். சேலை மடிப்பு ஒன்று பிரிந்து தொங்கியது. அதைச் செருகிவிடக் கையை நீட்டினார். காவலாளி ஓடி வந்தார்.

"பெரியவரே, தொடக் கூடாது."

"எம் பொஞ்சாதிங்க" என்றார் அப்பா.

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் என்ன செய்வார்? அப்பா என் சக்கர நாற்காலியிடம் வந்து குனிந்தார். முகம் கோணிப்போயிருந்தது.

"ஆத்தா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?"

எடுத்துக்கொண்டு என்று சொல்லவில்லை அவர். கூட்டிக்கொண்டு என்றுதான் சொன்னார்.

"வித்தாச்சுப்பா" என்றேன்.