டீச்சர் திருத்தாத அறிவிப்பு

அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் மோட்டார் அண்ணன். மோட்டார், குழாய், மொட்டை மாடித் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருப்போரின் இணைய மன்றத்தில் அறிவிப்புப் போடுவதும் எப்படியோ அவர் தலையில் விழுந்திருந்தது. அவர் எதைப் போட்டாலும் நான்காம் மாடி டீச்சர் கீழே ஒரு வரி எழுதிவிடுவார்: “தண்ணீர் தொட்டி அல்ல, தண்ணீர்த் தொட்டி.” தனியாக இருக்கிற அம்மாள், ஓய்வு பெற்றும் சிவப்புப் பேனாவை மூடாதவர். தன் சம்சாரம்கூடத் தன்னை இவ்வளவு திருத்தியதில்லை என்று அண்ணன் காவலாளியிடம் அலுத்துக்கொள்வார்.

தொட்டி கழுவும் நாளில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரைக் குழாய்களிலும் ஓடவிட வேண்டும். மதியம்வரை யாரும் அதை வாயில் வைக்கக் கூடாது. காலையில் தொட்டிக்குள் ஈரக் கையோடு நிற்பவர் போனைத் தொட முடியுமா? அதனால் முந்தின மாலையே அறிவிப்பை எழுதி, விடிந்ததும் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்தார். நிர்வாகிகளுக்கு மட்டுமான பகுதியில் தவறுதலாக எழுதியதைப் பொதுப் பகுதிக்கு மாற்றியும் விட்டார்.

காலையில் மருந்தை ஊற்றி, வால்வைத் திறந்தபின் போனைப் பார்த்தார். அறிவிப்பு வந்திருந்தது. டீச்சரின் வரி இல்லை. தப்பில்லாமல் எழுதிவிட்டோம் என்று மீசைக்குக் கை போனது. இன்னொரு முறை படித்தார். ‘தண்ணீர் தொட்டி’ என்றுதான் இருந்தது.

டீச்சர் இதை விடுகிற ஆள் இல்லை. காவலாளியைப் போனில் கூப்பிட்டு மன்றத்தைப் பார்க்கச் சொன்னார்.

“அப்படி ஒண்ணும் இல்லையேண்ணே. நேத்து போட்ட காணாமப்போன பூனை அறிவிப்புதான் மேல நிக்குது.”

அறிவிப்பு பழைய பகுதிக்கே போய் உட்கார்ந்திருந்தது. நிர்வாகி என்பதால் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. வால்வை மூடினார். ஆனால் குழாய்களில் ஏறிய தண்ணீர் ஏறியதுதான். கீழ் மாடிகளின் கதவைத் தட்டச் சொல்லி அலறிவிட்டு டீச்சருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்ததும் குழாய்த் தண்ணீரில்தான் மாத்திரை விழுங்குகிறவர் அவர். அண்ணன் படிகளில் உருளாத குறையாக இறங்கினார்.

கதவைத் தட்டினார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இன்னும் ஓங்கித் தட்டினார். கதவு திறந்தது. டீச்சர் கையில் டம்ளர்.

“குடிச்சிட்டீங்களா டீச்சர்?”

“ஒரு வாய் வெச்சேன். வாடை குடலைப் புரட்டுச்சு, துப்பிட்டேன். என்னத்தய்யா கலந்து வெச்சிருக்க?”

அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். போனை நீட்டினார். டீச்சர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

“ஒற்று விட்டிருக்கே,” என்றவர் நிமிர்ந்தார். “இது எனக்கு வரவே இல்லையேப்பா.”

டம்ளரை வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேரம் குறித்த பதிவை இடம் மாற்றினாலும் அது பழைய இடத்திலேயே வெளியாவது தங்கள் மென்பொருளின் பிழை என்றும் சரிசெய்துவிட்டதாகவும் மென்பொருள்காரர்கள் எழுதினார்கள். அண்ணன் அதை நம்பவில்லை. இப்போது அந்த ‘த்’தை வேண்டுமென்றே விடுகிறார். டீச்சரின் வரி வரும்வரை அவர் கை வால்வுப் பக்கம் போவதில்லை. வரி கொஞ்சம் தாமதமானாலும் போதும், கால் தானாகப் படியில் இறங்கத் தொடங்கிவிடுகிறது.