அனார்கான் விழுங்கிய வரி

மலையடி வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அனார்கான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அழுதுகொண்டே போய் எழுதிவிட்டு வந்தவள். மாலையானால் நாரின் நகரத்து வானிலை அலுவலகத்திலிருந்து வரும் அறிக்கையை, மலைமேல் ஆடு மேய்ப்பவர்களுக்கு வாக்கிடாக்கியில் வாசிப்பாள். போன் எடுக்காத அந்த உயரத்தில் அவள் குரலைக் கேட்டுத்தான் மந்தைகள் ஏறும், இறங்கும்.

போன வருஷம் நவம்பரில்தான் வினை வந்தது. "மழை வருது, பின்னாலேயே கடுங்குளிர் வருது, எல்லாரும் இறங்கிடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அத்தனை மந்தைகளும் இறங்கின. மழையும் இல்லை, குளிரும் இல்லை. மூன்று வாரம் வெயில் பல்லை இளித்தது. மேலே புல் சும்மா கிடக்க, குளிர்காலத்துக்குச் சேர்த்த வைக்கோலை முன்கூட்டியே போட்டுத் தீர்த்தார்கள்.

அதோடு விட்டார்களா? அடுத்து வந்த கல்யாண விருந்தில் பழி தீர்த்துக்கொண்டார்கள். யார் தட்டில் எந்த எலும்பு விழுகிறது என்பதில்தானே மரியாதையே இருக்கிறது! அவள் வயதுக்கு ஆட்டின் வால்கொழுப்போடு இடுப்பெலும்பு வந்திருக்க வேண்டும். வந்ததோ, நேற்று வந்த மருமகளுக்குப் போடுகிற காலெலும்பு.

"வெயில் ராணிக்கு இது போதும்," என்றான் கறி பங்கு வைத்த ஓஸ்மோன்குல். பந்தியே சிரித்தது. அவள் கூடப் பிறந்த தம்பி மெதேத்தும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நாய்க்கு வீசினாள்.

இந்த வருஷமும் நவம்பர் வந்தது. அறிக்கையும் வந்தது. பதினேழாம் தேதி மழை. வடமேற்கிலிருந்து குளிர்காற்று நெருங்குகிறது. மறுநாள் இரவு மைனஸ் பதினைந்து, ஈரநிலம் உறையும். காற்றழுத்தமும் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தப்பாது என்று அவளுக்குத் தெரியும்.

"பதினேழாம் தேதி மழை. கொஞ்சம் குளிரும்," என்று வாசித்து நிறுத்தினாள்.

எல்லோருக்கும் மேலே, கணவாய் ஓரத்தில் நூற்று நாற்பது ஆடுகளோடு இருந்தவன் மெதேத். அவன் சொத்தே அதுதான்.

"அக்கா, கொஞ்சம்னா எவ்வளவு? நான் இறங்கிடட்டுமா? இங்க இன்னும் ரெண்டு வாரத்துக்குப் புல்லு இருக்கு."

"என்னை ஏன்டா கேக்கற? நான் சொன்னா வெயில்தானே அடிக்கும்?"

"அட, இன்னும் அந்த எலும்பையே கடிச்சிட்டு இருக்கியா நீ?" என்று சிரித்தான்.

அறிக்கை கையில்தான் இருந்தது. ஒரு வரி, வாசித்திருக்கலாம் பாவி. அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் வாய் பூட்டிக்கொண்டது.

"உன் ஆடு, உன் புத்தி," என்று வாக்கிடாக்கியை அணைத்துவிட்டாள்.

மழை சொன்ன நாளில் பெய்தது. மறுநாள் இரவு வெப்பமானி மைனஸ் பதினாறு காட்டியது. அவள் பதறிப்போய் வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

"இறங்குடா மெதேத்!"

"எங்க இறங்க? பாதை முழுக்க ஐஸு. வெறும் பனியா இருந்தா ஆடு காலால தோண்டித் தின்னும். புல்லே ஐஸுக்குள்ள மாட்டிக்கிச்சுக்கா. சுரண்டிச் சுரண்டிக் குளம்பெல்லாம் ரத்தம்."

கீழே இருந்த மந்தைகளை எப்படியோ இழுத்து வந்துவிட்டார்கள். மெதேத் ஆறு நாள் கழித்துப் பத்தொன்பது ஆடுகளோடு வந்தான். மூச்சிருந்த சிலதை அங்கேயே அறுத்து, கறியைக் குதிரையில் கட்டி வந்திருந்தான். நேராக நிலையத்துக்கு வந்தவன், சுவரில் ஆணியில் குத்தியிருந்த அறிக்கையைப் படித்தான். 'ஈரநிலம் உறையும்' என்ற கடைசி வரியில் விரலை வைத்து அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறியைச் சமைத்து ஊரைக் கூப்பிட்டான். தானே பங்கு வைத்தான். வால்கொழுப்போடு இடுப்பெலும்பை எடுத்து, எல்லோரும் பார்க்க அனார்கான் தட்டில் வைத்தான்.

"எடுத்துக்கோக்கா. இந்த வருஷம் உன் பேச்சைக் கேட்டு யார் வைக்கோலும் வீணாகல."

ஓஸ்மோன்குல் ஒன்றும் புரியாமல், "சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திடுச்சு," என்றான். பந்தியில் நாலு பேர் தலையாட்டினார்கள். மரியாதையாக வைத்த பங்கை வேண்டாமென்று தள்ள அங்கே வழியில்லை. அனார்கான் தின்றாள். அவள் தின்று முடிக்கும்வரை மெதேத் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.